மாட்டின் வேகத்துக்கு மிதித்து வா

மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் ஊர் வழக்கம். இங்கே நாங்கள் நலமாக இல்லை. உன் நலத்தை அறிய வேண்டும் என்ற ஆவலும் இப்போதைக்கு எனக்கு இல்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கலியாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்குமுன் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தாயே, அது வந்து சேர்ந்தது. உன் அப்பா அப்போது வாசலில் வண்டிச் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு அச்சுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். "என்ன எழுதியிருக்கான், சத்தமாப் படி" என்றார். படித்தேன். அவர் பெயரைப் படித்தேன். பெயருக்குக் கீழே நீ போட்டிருந்த "மிராசுதார்" என்ற பட்டத்தையும் படித்தேன். அவர் கையில் இருந்த மைத்துணியைக் கீழே வைத்துவிட்டு, "யாரு வீட்டுப் பத்திரிகையவோ மாத்தி அனுப்பிட்டான் போலயே. திருப்பி அனுப்பிரு, பாவம் அவுக தேடுவாக" என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பிறகு மறுபடியும் அச்சுக்கு மை போட ஆரம்பித்துவிட்டார்.

மிராசுதாரின் சொத்து என்னவென்று உனக்கு மறந்திருக்கலாம், நானே சொல்கிறேன். ஆற்றோரம் ஒரு துண்டு வயல், ஒரு வண்டி, ஒரு ஜோடி மாடு. மேகமலையிலிருந்து இறங்கும் ஏலக்காய் மூட்டைகளைச் சின்னமனூரில் ஏற்றித் தேனி ஸ்டேஷனில் இறக்கி, அந்தக் கூலியில் உன்னை இங்கிலீஷ் படிக்க வைத்தார் அந்த மிராசுதார். இப்போது நீ அதே மூட்டைகளுக்குத் தேனி எஸ்டேட் கிடங்கு ஆபீஸில் நாற்காலி போட்டுக் கணக்கு எழுதுகிறாய். அதில் எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கலியாணமாகப் போகிற மகனுக்கு அம்மா எழுதுகிற கடிதத்தில் எதிர்பார்ப்பதை எல்லாம் இதில் எதிர்பார்க்காதே. பெண்டாட்டியை எப்படி வைத்துக்கொள்வது, மாமனார் வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று உருகி உருகி எழுத எனக்கு மனமில்லை. எல்லாம் என் வளர்ப்புத் தப்பு என்று தலையில் அடித்துக்கொள்ளவும் மாட்டேன். நான் ஒழுங்காகத்தான் வளர்த்தேன். கெட்டுப்போனது நீயாகக் கெட்டுப்போனது.

உன் சைக்கிள் சவாரியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன் என்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும். வாயில்லா ஜீவன்களுக்காக உங்கள் ஜீவகாருண்ய சபை நடத்திய சவாரி. எஸ்டேட் துரைசாணி தலைவர், நீ காரியதரிசி. தேனியில் கிளம்பி, பழனிசெட்டிபட்டி, வீரபாண்டி வழியாக நம் ஊர்த் தோப்பு வரைக்கும் வந்து, சாப்பிட்டுத் திரும்புவது. குடும்பத்தோடு வரலாம், குழந்தைகளை முன்கம்பியில் உட்கார வைத்து வரலாம், நன்கொடை இஷ்டப்படி தரலாம் என்று பச்சைக் காகிதத்தில் நோட்டீஸ் அடித்து, நம் ஊர்க் கோயில் சுவரிலும் ஒட்டிவிட்டுப் போனாய். ஒட்ட வந்த நீ வீட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. சபை கூடாதென்று நான் சொல்லவில்லை. வீரபாண்டிப் பாலத்துக்குப் பக்கத்தில் நீங்கள் கட்டி வைத்த தண்ணீர்த் தொட்டியில் வண்டி மாடுகள் குடிக்கிறதை நானே பார்த்திருக்கிறேன். ஆணி வைத்த தார்க்குச்சியால் மாட்டைக் குத்துகிறவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினால் அது நல்ல காரியம்தான். உங்கள் மனசு மாட்டின் மேல்தான் இருந்ததா என்பதுதான் என் கேள்வி.

ஏன் கேட்கிறேன் என்றால், அந்தச் சவாரிக்குப் பின்னால் ஒரு மாட்டு வண்டி ஓடியது, உனக்கு நினைவிருக்கும். உன் அப்பாவின் வண்டி. வண்டி தேவைப்படுகிறது என்று நீயே ஆள் அனுப்பினாய். மகன் கேட்கிறான் என்று மூட்டை ஏற்றும் வேலையை விட்டுவிட்டு அவர் வந்தார். அந்த வண்டியில் என்னவெல்லாம் ஏற்றினீர்கள்? சோடாப் பெட்டிகள், ஹார்மோனியம், சாப்பாட்டு அண்டா, வழியில் பஞ்சரான சைக்கிள்கள், அந்தச் சைக்கிள்களை ஓட்டி வந்த ஆட்கள், போதாததற்கு முழங்கால் வலிக்கிறது என்று ஏறி உட்கார்ந்த ஒரு வக்கீல். மாட்டுக்கு அதிகப் பாரம் ஏற்றாதீர்கள் என்று எழுதிய துணியை அந்த வண்டியின் பக்கவாட்டில்தான் கட்டியிருந்தீர்கள். நீங்கள் எல்லாரும் காற்றாகப் பறக்கிறீர்கள், பின்னால் வண்டி வராவிட்டால் சோடா கிடைக்காது, அதனால் "வேகமா ஓட்டுங்க, வேகமா ஓட்டுங்க" என்று ஆளுக்கு ஆள் திரும்பிப் பார்த்துக் கத்தினார்களாம். ஒரு நாளும் மாட்டை ஓட வைக்காதவர், அன்றைக்கு உனக்காக ஓட்டினார். தோப்புக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு மாட்டுக்கும் வாயில் நுரை. மோர்ப் பானையோடு நின்ற நான் அதைப் பார்த்ததும் சபைக்கு வைத்திருந்த மோரில் பாதியைக் கொண்டுபோய் மாட்டுக்கு வைத்தேன். துரைசாணி அதைப் பார்த்துக் கை தட்டினார். நான் ஏதோ அவர் சபையின் உபதேசத்தைக் கேட்டுத்தான் மாட்டுக்கு மோர் ஊற்றினேன் என்று நினைத்தார் போல.

இத்தோடு முடிந்திருந்தால் நான் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். அன்றைக்குத் தோப்புக்குள் நம் மயிலைக் காளை வந்தது. அது எந்த மாடு என்று நான் உனக்குச் சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது. இருந்தும் சொல்கிறேன், ஏனென்றால் கேட்க ஆளில்லாத மாடு என்று நீ சொன்னதை என் காதால் கேட்டேன். நீ பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது உனக்கு அம்மை போட்டது. கண்ணுக்குள்ளும் முத்து இறங்கிவிட்டது என்றார்கள். உன் அப்பா வண்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வேப்பங்குழையும் கையுமாக உன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். நான் வீரபாண்டிக்கு நடந்துபோய் ஆத்தா காலடியில் விழுந்தேன். பிள்ளை கண்ணோடு எழுந்து நடந்தால் தீச்சட்டி எடுக்கிறேன், எங்கள் வீட்டில் பிறக்கிற முதல் காளைக்கன்றை ஊருக்கு நேர்ந்து விடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நீ எழுந்து நடந்தாய். தீச்சட்டி எடுத்தேன். கன்றும் பிறந்தது. நம் ஊர்க் கோயில் வாசலில் அதன் கொம்பில் மஞ்சள் துணி கட்டியது யார் கை? உன் கைதான். கன்று துள்ளியதில் நீ பயந்து என் சேலைக்குள் ஒளிந்தாய்.

நேர்ந்து விட்ட மாட்டுக்கு நம் ஊரில் என்ன மரியாதை என்பது பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதற்கு மூக்குக் குத்தக் கூடாது. கயிறு போடக் கூடாது. ஏரில் பூட்டக் கூடாது. யார் வயலில் இறங்கினாலும் அடிக்கக் கூடாது, "சாமி, போதும், அடுத்த வயலுக்குப் போங்க" என்று கும்பிட்டுத்தான் அனுப்ப வேண்டும். கஞ்சன் வீட்டு வயலுக்குக்கூட அது உரிமையோடு போகும், அவனும் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிடுவான். எத்தனை வீட்டுக் கழுநீர் குடித்தாலும் அது வந்து நிற்பது உன் அப்பாவின் குரலுக்குத்தான். வயசாகி விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது, வேறொரு காளையோடு முட்டிக்கொண்டதில் தோளில் ஒரு புண். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது நாதியற்ற மாடாகத் தெரிந்தால் அவர்கள் மேல் குற்றமில்லை.

துரைசாணி உன்னிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார், நீ இங்கிலீஷில் ஏதோ சொன்னாய். அது எனக்குப் புரியவில்லை. அப்புறம் சபையின் மாட்டு வைத்தியக் கம்பவுண்டரைப் பார்த்து நீ தமிழில் சொன்னது புரிந்தது. "பிடிச்சுக் கட்டுங்க. அநாதை மாடு, கேக்க ஆளில்ல." போட்டோ எடுக்கிறவரும் அதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். சவாரிக்கு வந்த குடும்பங்கள் எல்லாம் பார்க்க ஒரு மாட்டைக் காப்பாற்றிக் காட்ட வேண்டும், அதற்கு வசமாக ஒரு மாடு வந்து நின்றது. நம் ஊர்ப் பெண்கள் எல்லாம் கிணற்றடியில் பிள்ளைகளுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர் ஆட்களில் பக்கத்தில் இருந்தது நானும் உன் அப்பாவும்தான். அவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து, "ஏலே, என்ன பேச்சுப் பேசுற? இது எந்த மாடுன்னு ஒனக்குத் தெரியலையா?" என்றார். துரைசாணி உன்னைப் பார்த்தார். நீ அவரைப் பார்த்தாய், உன் அப்பாவின் அழுக்குத் துண்டைப் பார்த்தாய். பிறகு சொன்னாயே, அதை எழுத என் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுவேன். "வண்டிக்காரரே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாய்.

என் கையில் இருந்த மோர்ச் செம்பை உன் மேல் எறிந்திருப்பேன். சத்தியமாக எறிந்திருப்பேன். உன் அப்பாதான் என் மணிக்கட்டைப் பிடித்தார். "விடு. பய மானம் போயிரும்" என்று காதோடு சொன்னார். அவருடைய மானம் போய்க்கொண்டிருந்த நேரத்தில் அவர் காப்பாற்றியது உன் மானத்தை. கம்பவுண்டரும் ஆட்களும் கயிற்றோடு கிட்டே போனால் காளை கொம்பை ஆட்டியது, பிள்ளைகள் அலறின. கடைசியில் அவரே போனார். முதுகில் தட்டிக் கொடுத்து, ஏதோ பேசி, கழுத்தில் தளர்வாக ஒரு கயிற்றைச் சுற்றித் தன் வண்டிக்குப் பின்னாலேயே கட்டினார். மற்றவன் கை பட்டு அதற்கு வலிக்கக் கூடாது என்பதற்காகச் செய்தார். துரைசாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டிக்காரருக்குச் சபையின் சின்னத்தைக் குத்திவிடச் சொல்லி, ஒரு காகிதப் பூவை உன் கையில் கொடுத்தார். உன் அப்பாவுக்குச் சட்டை இல்லை. நீ அதை அவர் துண்டில் குத்தினாய். குத்தும்போது நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பாய் என்று நான் காத்திருந்தேன். நீ ஊசியை மட்டும்தான் பார்த்தாய்.

திரும்பும்போது சைக்கிள்கள் முன்னால் போய்விட்டன. அவர் மெதுவாக, காளையின் நடைக்கு வண்டியை ஓட்டித் தேனியில் கொண்டுபோய்ச் சபையின் கொட்டிலில் விட்டுவிட்டு வந்தார். புண்ணுக்கு மருந்து போட்டு அனுப்பிவிடுவார்கள், மகன் பார்த்துக்கொள்வான் என்று என்னிடம் சொன்னார். அதை நம்பித்தான் இருந்தார். நாள் ஆக ஆக ஊர் கேட்க ஆரம்பித்தது. சாமி மாடு எங்கே? அவர் வண்டிக்குப் பின்னால் கட்டி ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். "வைத்தியத்துக்குக் கொண்டுபோனேன், வந்துரும்" என்றார். உன் பேரை எடுக்கவில்லை. கம்பத்து வழியாக மலையாளத்துக்கு அடிமாடாக ஓட்டிவிட்டான் என்று டீக்கடையில் பேசியது என் காதுக்கே வந்தது. நாற்பது வீட்டு மூட்டையை நம்பி ஏற்றிவிடுகிற மனுசனைப் பார்த்து ஊர் அப்படிப் பேசியது. அப்போதும் நான் வாயைத் திறக்கப் பார்த்தேன், அப்போதும் அவர் என்னைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன். உனக்கு ஆள் விட்டுச் சொன்னோம். வேலை அதிகம், அப்புறம் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாய். சைக்கிளில் காலையில் கிளம்பினால் வெயில் ஏறுமுன் வந்துவிடுகிற தூரம்தான்.

நீ வரவில்லை. உனக்குப் பெண் கொடுக்கப் போகிற பழனிசெட்டிபட்டி வாத்தியார் வந்தார், மகள் பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு. அவர் ஒரு சைக்கிளில், அவள் ஒரு சைக்கிளில். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை சைக்கிள் மிதித்து ஊருக்குள் வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. எனக்கும் பார்த்தவுடன் பிடிக்கவில்லை, மறைக்க மாட்டேன். கையில் சாத்துக்குடியும் ஒரு போத்தல் தைலமும் வைத்திருந்தாள். எனக்கு விஷக்காய்ச்சல் என்றும் உன் அப்பாவுக்கு வாதம் வந்து படுத்த படுக்கை என்றும், அதனால்தான் சம்பந்தம் பேச வர முடியவில்லை என்றும் நீ சொல்லியிருந்தாயாம். படுத்த படுக்கையாகக் கிடந்த மனுசன் அந்நேரம் மூட்டையைத் தோளில் வைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் வயலிலிருந்து முழங்கால் சேற்றோடு வந்து நின்றேன்.

பாக்கியம் உன் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். வண்டி முளையில் அந்தக் காகிதப் பூ வாடாமல் இன்னும் சொருகியிருந்தது. "நீங்களா மாமா?" என்றாள். "அன்னைக்குத் தோப்புல... அவுக ஒங்களையா வண்டிக்காரரேன்னு சொன்னாக?" அவள் உன் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள், முழுவதையும் கேட்டிருக்கிறாள், ஆனால் நீ அப்படிச் சொன்னது உன் அப்பாவைத்தான் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. உன் அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "வண்டி ஓட்டுறேன், வண்டிக்காரன்னு சொன்னான். அதுல என்ன தாயி, உள்ள வந்து உக்காருங்க" என்றார். அவள் உட்காரவில்லை. கண்ணீரும் விடவில்லை. "அந்த மாடு எந்திரிக்க மாட்டேங்குது மாமா. நான்தான் சபையில தீனி போடுறேன். மூக்கணாங்கயிறு போட்டதுல இருந்து தண்ணிகூடக் குடிக்கல" என்றாள். அதைக் கேட்டதும் அவர் தோளில் இருந்த மூட்டையை மெதுவாகக் கீழே இறக்கினார். "மூக்குக் குத்திட்டாகளா?" என்று மட்டும் கேட்டார். பிறகு அங்கனயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மை போட்டுக் கிடந்தபோது உன் பக்கத்தில் உட்கார்ந்த அதே மாதிரி உட்கார்ந்தார். அப்புறம்தான் நான் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். அந்தத் தடவை அவரால் என்னைத் தடுக்க முடியவில்லை.

அவள் நேரே துரைசாணியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். உனக்கு இது தெரியுமா, தெரியாதா? தெரியாவிட்டால் தெரிந்துகொள். நீ எதை மறைக்க நினைத்தாயோ அது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. "அந்த நல்ல வண்டிக்காரர் உங்கள் காரியதரிசியின் அப்பா" என்று சொன்னதற்கு துரைசாணி, "அதை ஏன் என்னிடம் சொல்லவில்லை, நான் அவரோடு கை குலுக்கியிருப்பேனே" என்றாராம். வேடிக்கையாக இல்லை? யாருக்குத் தெரிந்தால் நாற்காலி போய்விடும் என்று நடுங்கினாயோ, அவருக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. பொருட்டாக இருந்திருந்தாலும் நீ செய்தது நியாயமாகிவிடாது, அது வேறு விஷயம்.

மறுநாளே வண்டி கட்டிப் போனோம். உன் சபையின் கொட்டிலைக் குறை சொல்ல மாட்டேன். ஓலை புதுசு, தரை சுத்தம், தொட்டி நிறையத் தண்ணீர், வைக்கோல் மெத்தை. அதன் நடுவில் நம் சாமி படுத்துக் கிடந்தது. மூக்கு வீங்கி, கயிற்றைச் சுற்றி ஈ. உன் அப்பா அரிவாளால் கயிற்றை அறுத்து, வேப்பெண்ணெய் தடவினார். கதவைத் திறந்து விட்டும் அது எழுந்திருக்கவில்லை. நாங்கள் கொண்டுபோன கழுநீரைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முழுக்க மாட்டைப் பற்றியதுதான் என்று நீ நினைக்காதே. "சின்னப்பய, தெரியாமச் செஞ்சுட்டான், மனசுல வச்சுக்கிராத" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் அது எழுந்தது. கயிறில்லாமலே வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தது. வீரபாண்டிப் பாலத்துத் தொட்டியில் நின்று தண்ணீர் குடித்தது. அது உன் சபை கட்டிய தொட்டிதான், அந்தப் புண்ணியம் உனக்கு இருக்கட்டும்.

ஊருக்குள் நுழைந்ததும் கூட்டம் கூடிவிட்டது. மாடு வந்துவிட்டதே என்ற சந்தோஷம் மூக்கைப் பார்க்கும் வரைக்கும்தான் இருந்தது. பூசாரி கேட்டார், "சாமிக்கு மூக்குக் குத்தச் சொன்னது யாரு?" உன் அப்பா, "நான் கொண்டுபோன எடத்துல நடந்துபோச்சு. தப்பு என் மேலதான்" என்றார். அதற்கு ஊர் என்ன தீர்ப்புச் சொன்னது தெரியுமா? வருகிற ஊர்ப் பொங்கலுக்கு அம்மன் கரகம் ஏறி வருகிற வண்டி இந்த வருஷம் அவர் வண்டி இல்லையாம். அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் கரகம் வேறு வண்டியில் ஏறியதே கிடையாது. வீட்டுக்கு வந்து வண்டியைக் கழுவி, நிழலில் நிறுத்திவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அன்றைக்கு நான் என் வயிற்றைத் திட்டினேன், உன்னைச் சுமந்ததற்காக.

இப்போது காளை எப்படி இருக்கிறது என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். புண் ஆறிவிட்டது. ஆனால் அது வயலுக்குப் போகவில்லை. எந்த வாசலுக்கும் உரிமையோடு போன மாடு, இப்போது நம் வீட்டு முன்னால் நின்று, யாராவது இழுத்துக்கொண்டு போவார்களா என்று தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. "சாமி எங்க வயலுக்கு வரலையே" என்று அந்தக் கஞ்சன்கூட வந்து கேட்டுவிட்டுப் போனான். தினமும் காலையில் உன் அப்பா அதற்கு முன்னால் நடக்கிறார். அவர் நடந்தால் நடக்கிறது, நின்றால் நிற்கிறது. மறுபடியும் தானாகப் போகப் பழக்குகிறேன் என்கிறார். பழகுமோ பழகாதோ.

நீ சைக்கிள் பழகியது உனக்கு நினைவிருக்கிறதா? சின்னமனூரில் வாடகைக்கு ஒரு சைக்கிளை எடுத்து வந்து, உன்னை ஏற்றி, சீட்டைப் பிடித்துக்கொண்டு அவர் ஊர்க்கோடி வரைக்கும் ஓடினார். நீ விழாமல் மிதிக்க ஆரம்பித்ததும் கையை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடி வந்தார். நீ திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் விழுந்துவிடுவாய், பிள்ளைக்குப் பயம் என்று அன்றைக்கு நான்தான் சிரித்தேன். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரி, கலியாணத்துக்கு வருகிறேன். வாத்தியார் வீட்டில் முகூர்த்தம், அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. பாக்கியம் கலியாணத்தை நிறுத்திவிடவா என்று என்னிடம் கேட்டாள். நிறுத்து என்று சொல்ல என் நாக்கு துடித்தது. உன் அப்பாதான், "வேண்டாம் ஆத்தா, ஒன்னய மாதிரி ஒருத்தி பக்கத்துல இருந்தாத்தான் அவன் உருப்படுவான்" என்றார். அவள் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை சொன்னாள். அதைத்தான் உனக்கு இப்போது எழுதுகிறேன், அவளும் நானும் சேர்ந்து எழுதியதாக வைத்துக்கொள். பத்திரிகையில் மிராசுதாரை எடுத்துவிட்டு வண்டிக்காரர் என்று போடு. தாலி கட்டி முடிந்ததும் பெண்ணை நம் வீட்டுக்கு அழைத்து வர எஸ்டேட் மோட்டார் காரைக் கேட்டிருக்கிறாயாமே, அதைத் திருப்பி அனுப்பு. அவள் உன் அப்பாவின் வண்டியில் வருவாள், முன்னால், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து. நானும் வண்டியில்தான் வருவேன். உனக்கு வண்டியில் இடமில்லை. நீ உன் சைக்கிளில் பின்னால் வா.

அன்றைக்கு எங்கள் மாடு உன் சைக்கிளின் வேகத்துக்கு ஓடியது. இப்போது நீ மாட்டின் வேகத்துக்கு மிதித்து வா. முந்தக் கூடாது. புது மாப்பிள்ளை வண்டிக்குப் பின்னால் ஏன் இப்படி ஊர்கிறான் என்று பழனிசெட்டிபட்டிக் கடைகளிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள், உன் ஆபீஸ்காரர்களும் பார்ப்பார்கள், பார்க்கட்டும். வண்டி ஓட்டுகிறது யார் என்று கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கு எல்லாம் அவர் காதில் விழுகிற மாதிரி பதில் சொல்லிக்கொண்டே வா. நம் ஊர்க் கோயிலில் வண்டி நிற்கும். ஊர் கூடியிருக்கும். பூசாரி மறுபடியும் அதே கேள்வியைக் கேட்பார், கேட்கும்படி நானே சொல்லி வைப்பேன். உன் அப்பா வழக்கம்போல வாயைத் திறக்கப் பார்ப்பார். அதற்கு முன்னால் நீ திறக்க வேண்டும். அந்த மாட்டுக்குக் கேட்க ஆளில்லை என்று சொன்னது யார், இந்த மனுசனைத் தள்ளி நிற்கச் சொன்னது யார் என்று ஊருக்கு நீ சொல்ல வேண்டும். சொன்னால், அந்த வண்டியில் பொங்கலுக்குக் கரகம் ஏறும், உனக்கு வீட்டில் இலை விழும். சொல்லாவிட்டால் பெண்ணை நாங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம், நீ சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தேனிக்குப் போ. உன் அம்மா என்று கையெழுத்துப் போட அதுவரைக்கும் எனக்கு மனசு வராது.

இப்படிக்கு,
வண்டிக்காரரின் பெண்டாட்டி